கார்பரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? கோரையாற்றில் ஆறு வருஷம்

முத்துப்பேட்டை பக்கம் ஜாம்பவானோடைப் படகுத்துறையில் கிடந்த பழைய ஃபைபர் படகொன்றை நானும் மச்சானும் சேர்ந்து வாங்கி ஆறு வருஷமாகிறது. முதல் மூன்று வருஷம், படகோடு வந்த 25 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் கார்பரேட்டர் எஞ்சின். அப்புறம் 20 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜெக்‌ஷன். அதுவும் பழையதுதான். கார்பரேட்டர் என்பது எஞ்சின் இழுக்கும் காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் பாகம்; இன்ஜெக்‌ஷனில் அதே வேலையைக் கம்ப்யூட்டர் அளந்து சொல்ல, பம்பு தள்ளும் பெட்ரோலைப் பீய்ச்சிச் செய்கிறார்கள்.

கார்பரேட்டர் எஞ்சின் தினமும் ஓடினால் தங்கம். ஐப்பசி மழைக்கு மூன்று வாரம் சும்மா போட்டால் வினைதான். கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுவிட்டுப் போய்விடும். இப்போது வருவதோ 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; ஈரம் மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் நிற்கும். அலையாத்திக் காட்டு ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்!

ஒருநாள் செல்லிமுனையிலிருந்து திரும்பும்போது, முறுக்கினால் ஓடுகிறது, வேகத்தைக் குறைத்தால் அணைந்துவிடுகிறது. மெதுவாக ஓடுவதற்கான ஜெட்தான் மிகச் சின்ன துளை, முதலில் அடைவதும் அதுதான். வத்தம், அதாவது கடல் நீர் இறங்குவது, ஆரம்பித்த நேரம், அடியில் சேறு, வேகமாகவும் போக முடியாது. படகிலேயே கார்பரேட்டரைக் கழற்றி, பிரேக் கேபிளில் ஒரு இழையைப் பிரித்து ஜெட்டைக் குத்தினேன். வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் மெக்கானிக் காக்காவிடம் (இங்கே அண்ணனைக் காக்கா என்போம்) வாங்கிக் கட்டிக்கொண்டேன். “பித்தளைத் துளையில இரும்பை விட்டுக் குடைவியா தம்பி? துளை பெருசாயிடும்ல? காத்தடிச்சா போதாதா?”

இன்ஜெக்‌ஷனில் சோக் கிடையாது, கயிற்றை ஒரு இழு, ஸ்டார்ட். எங்களுடையதில் பேட்டரியும் இல்லை. கயிறு இழுக்கும்போது சுழலும் ஃப்ளைவீல் தரும் மின்சாரமே பம்புக்குப் போதும். 10 லிட்டர் குடித்த தூரத்துக்கு இப்போது 6 லிட்டர். நியாயமாகச் சொன்னால் அதில் பாதிப் பெருமை ஃபோர் ஸ்ட்ரோக்குக்குத்தான்.

இரண்டாம் மழைக்காலத்தில் ஒரு அளவுக்கு மேல் வேகமெடுக்க மறுத்தது. காட்டிய இடத்தில், கம்ப்யூட்டர் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலைக்கு இன்னொரு பழைய எஞ்சினே வாங்கலாம். பதினோரு நாள் படகு கரையில். கடைசியில் காக்காதான் ஒயர் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார்: உள்ளே பச்சைக் களிம்பு. துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினார், தீர்ந்தது. கார்பரேட்டர் அடைத்தால் நடு ஆற்றிலும் கை வைக்கலாம், இதில் அந்தத் தைரியம் வராது. ஆனாலும் மூன்று வருஷத்தில் படுத்தது அந்த ஒருமுறைதான். அதனால் என் ஓட்டு இன்ஜெக்‌ஷனுக்கே, பக்கத்தில் விவரமான கை இருந்தால்.

இன்ஜெக்‌ஷனை அப்படியே போட்டு வைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள்ளும் பெட்ரோல் தங்கும் சின்ன அறை உண்டு. கார்பரேட்டர் போலக் குழாயைக் கழற்றி, தானாக அணையும்வரை ஓடவிட்டால் பம்புக்குக் கேடு. வடிகால் திருகைத் திறந்து வடிக்க வேண்டும்.

வாங்கப் போகும்போதும் அந்தத் திருகைத்தான் முதலில் திறக்கச் சொல்வேன், கார்பரேட்டரானால் கிண்ணத்தின் அடியில் இருப்பதை. வடிவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் தண்ணீரும் துருவும் தெரிந்துவிடும். நாம் போகும்முன்பே எஞ்சின் சூடாக இருந்தால், காலையிலேயே போராடி ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

எங்கள் பழைய டூ ஸ்ட்ரோக் இப்போது தொண்டியக்காட்டில் ஒருவரிடம் தினமும் ஓடுகிறது. விடியற்காலையில் புகை வரும், பின்னாலேயே அவர் வருவார்.