20ஆம் எண், செண்டெரோஸ்: ஒரு பழைய ஆர்சனல் சட்டையின் மதிப்புரை

பழைய கால்பந்து ஜெர்சிகளை மட்டுமே விற்கும் லண்டன் கடை ஒன்றிலிருந்து அஞ்சல் வழியாக நான் வாங்கிய ஆர்சனல் சட்டையைப் பற்றியது இந்த மதிப்புரை. 2005-06 பருவத்தில் அந்த அணி சொந்த மைதானத்தில் அணிந்த சட்டை அது, நடுத்தர அளவு, முதுகில் 20 என்ற எண்ணும் அதற்கு மேலே செண்டெரோஸ் என்ற பெயரும் இருக்கின்றன. அதே கடையில், அதே அளவில், இதைவிடச் சற்று நைந்த நிலையில் இருந்த அந்த அணியின் நட்சத்திர முன்கள வீரர் தியெரி ஆன்றியின் 14ஆம் எண் சட்டைக்குக் கேட்ட விலை, நான் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பெயரும் எண்ணும் இல்லாத வெற்றுச் சட்டைக்குக்கூட இதைவிடக் கூடுதலாகவே விலை வைத்திருந்தார்கள். பின்கள வீரர் பிலிப் செண்டெரோஸின் பெயரை ஒட்டியதால் துணியின் விலை இறங்கியிருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். அந்தக் கணக்கு நியாயமானதா என்று பார்க்கவே வாங்கினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. எனக்கு அந்த நிறமும் பிடிக்கும்.

நிறத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆர்சனல் வழக்கமாக அணிவது பளிச்சென்ற சிவப்பும் வெள்ளைக் கைகளும் கொண்ட சட்டை. தங்கள் சொந்த மைதானமான ஹைபரியில் அவர்கள் ஆடிய கடைசிப் பருவம் 2005-06 என்பதால், 1913இல் அங்கே முதன்முதலாகக் காலடி வைத்தபோது அணிந்திருந்த அடர்சிவப்பை நினைவூட்டும் வகையில் அந்த ஓராண்டுக்கு மட்டும் நிறத்தை மாற்றினார்கள். மாதுளை முத்துக்கும் நாவல் பழத்துக்கும் இடைப்பட்ட நிறம் என்று சொல்லலாம். கைகளில் வெள்ளை கிடையாது. மார்பில் உள்ள விளம்பரமும் முதுகில் உள்ள எழுத்துகளும் பொன்னிறம். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சாயம் வெளுக்கவில்லை என்பதைக் கை மடிப்பின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். துணி இன்றைய ஜெர்சிகளைவிடக் கனமானது. வெயில் காலத்தில் அணிந்துகொண்டு விளையாட ஏற்றதல்ல, மாலை நடைக்கு ஏற்றது.

குறை முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. நிலை ‘மிக நன்று’ என்று விற்றவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தபோது, பெயரின் கடைசி எழுத்தின் கீழ்ப்பாதி துணியை விட்டு எழும்பி, விரலால் தடவினால் காய்ந்த வாழைச்சருகைப் போல் சரசரத்தது. 20இல் உள்ள சுழியத்தின் நடுவே குறுக்காக ஒரு விரிசலும் ஓடுகிறது. முன்பு வைத்திருந்தவர் சூடான நீரில் துவைத்திருக்க வேண்டும். எழுதிக் கேட்டபோது, படத்தில் தெரிந்திருக்குமே என்று பதில் வந்தது. படத்தில் தெரியவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றும் அவர்களே சொன்னார்கள், நான் அனுப்பவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று சொல்லியாக வேண்டும்.

செண்டெரோஸ் 1985இல் ஜெனீவாவில் பிறந்தவர். தந்தை ஸ்பானியர், தாய் செர்பியர். உள்ளூர் கிளப்பான செர்வெட்டில் தொடங்கி, 2003இல் பதினெட்டு வயதில் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கரின் ஆர்சனலுக்கு வந்தார். வாட்டசாட்டமான நடுப் பின்கள வீரர். உயரே வரும் பந்துக்கு முதலில் எழும்புவார், உடலைக் குறுக்கே போட அஞ்ச மாட்டார். ஆனால், திரும்பி ஓடுவதில் மெதுவானவர். 2005 மே மாதம் கார்டிஃபில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், இருபது வயதில், ரூனியும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் மோதிக்கொண்டே இருந்த அந்த 120 நிமிடங்களும் சக பின்கள வீரர் கோலோ டூரேயின் பக்கத்தில் நின்று சமாளித்தார். கோல் எதுவும் விழவில்லை; பெனால்டியில் ஆர்சனல் வென்றது. ஆனால் அது இந்தச் சட்டைக்கு முந்திய ஆண்டுக் கதை.

இந்தச் சட்டைக்கு உரிய கதை 2006 பிப்ரவரியில் தொடங்குகிறது. மாதத்தின் முதல் நாளில் வெஸ்ட் ஹாமுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையோடு இன்னொரு நடுப் பின்கள வீரரான சோல் கேம்பல் மைதானத்தை விட்டுப் போய்விட்டார். இடப்பக்கம் ஆட வேண்டிய ஆஷ்லி கோல் காயத்தில் இருந்தார். அந்த இடத்தில் நடுக்கள வீரரான ஃப்ளாமினியை நிறுத்தினார் வெங்கர். இப்படி ஒட்டுப்போட்ட பின்வரிசையோடு பிப்ரவரி 21 அன்று, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில், மாட்ரிட்டில், பிரேசிலின் ரொனால்டோ, ஜிதான், ராபர்ட்டோ கார்லோஸ், பெக்கம் ஆகியோர் அடங்கிய ரியால் அணியை எதிர்கொண்டார்கள். ஆன்றி நான்கு பேரைத் தாண்டி ஓடிப் போட்ட ஒரே கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறுபுறத்தில் தொண்ணூறு நிமிடங்களும் கோல் விழாமல் இருந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அன்று ஆர்சனல் வீரர்கள் அணிந்திருந்தது இந்த நிறச் சட்டைதான். ஹைபரியில் நடந்த மறு ஆட்டமும் கோலின்றி முடிந்தது. அடுத்து யுவெந்துசை அங்கே 2-0 என வென்று டூரினில் 0-0 என முடித்தார்கள். ஏப்ரல் 19 அன்று வியாரியல் அணியை ஹைபரியில் 1-0 என வென்றார்கள். மைதானத்துக்குள் ஓர் அணில் புகுந்து ஆட்டக்காரர்களுக்கு நடுவே சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் அது. அன்று ஆர்சனலின் கோல் பெட்டிப் பக்கம் அணிலைவிட அதிகத் தொல்லை கொடுத்தவர் யாருமில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அந்தப் பருவத்தின் சாம்பியன்ஸ் லீகில் ஆர்சனல் தொடர்ச்சியாகப் பத்து ஆட்டங்களில் கோல் வாங்கவில்லை. 2005 செப்டம்பரில் அயாக்ஸின் ரோசன்பர்க் போட்ட கோலுக்கும் 2006 மே 17 அன்று பாரிசில் எட்டோ போட்ட கோலுக்கும் இடையே 995 நிமிடங்கள். அந்தத் தொடரின் கடினமான பகுதியில், அதாவது மாட்ரிட்டில் தொடங்கி வியாரியலுடனான முதல் ஆட்டம் வரையிலான ஐந்து ஆட்டங்களில், நடுவில் நின்ற இருவரில் ஒருவர் செண்டெரோஸ். அதன் பிறகு அவர் காயமடைந்தார், கேம்பல் திரும்பி வந்தார். பாரிசில் பார்சிலோனாவிடம் 2-1 எனத் தோற்ற இறுதியாட்டத்தில் கேம்பல் ஒரு கோலும் போட்டார், செண்டெரோஸ் களமிறங்கவில்லை. அன்று அணி உடுத்தியது மஞ்சள். அடுத்த பருவத்தில் மைதானம் மாறியது, நிறம் பழையபடி ஆனது, அவருடைய எண்ணும் 6 ஆக மாறியது. எனவே, இந்த நிறமும் இந்த எண்ணும் இந்தப் பெயரும் ஒன்றாகச் சேர்ந்தது ஒரே ஒரு பருவத்தில்தான். அது அவருடைய ஆகச் சிறந்த மாதங்களை உள்ளடக்கிய பருவம். சேகரிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பது எனக்கு லாபமாகிவிட்டது.

பிறகு ஏன் விலை இறங்கியது? 2007 பிப்ரவரியில் நடந்த லீக் கோப்பை இறுதியாட்டத்தில் செல்சியின் டிடியே ட்ரோக்பா இரண்டு கோல் போட்டார். அதற்கு முன்னும் பின்னும்கூட ட்ரோக்பாவைக் கண்டால் செண்டெரோஸ் தடுமாறுவார் என்ற பேச்சு இங்கிலாந்து முழுவதும் பரவியிருந்தது. 2008 ஏப்ரலில் லிவர்பூலில் நடந்த சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஹூபியா தலையால் முட்டிய கோலின்போது செண்டெரோஸ் அவரைத் தடுக்காமல் விட்டுவிட்டார். டோரஸ் பந்தை வாங்கித் திரும்பி அடித்தபோதும் செண்டெரோஸ் ஓர் அடி பின்னால் இருந்தார். பத்து வாய்ப்புகளைக் கெடுத்துவிட்டுப் பதினோராவதில் கோல் போடும் முன்கள வீரருக்கு மாலை விழும். பின்கள வீரர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றே படமாகித் திரும்பத் திரும்ப ஓடும். கடைக்காரர் வைத்த விலையில் அந்த இரண்டு ஆட்டங்களும் சேர்ந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர், வேலை இருக்கும் ஊருக்குக் கரண்டியையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு போகும் கொத்தனாரைப் போலத்தான் வாழ்ந்தார். 2008-09இல் ஏ.சி. மிலானுக்கு இரவலாகப் போனார். மால்தீனி ஆடிய கடைசி ஆண்டு அது. 2010இன் தொடக்கத்தில் எவர்ட்டனுக்கு மறுபடி இரவல். அந்தக் கோடையில் ஃபுல்ஹாமில் நிலையான ஒப்பந்தம் கிடைத்தது. கிடைத்த கையோடு குதிகால் நாண் அறுந்து மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார். ஆனாலும் 2014 ஜனவரி வரை அங்கேயே இருந்தார். பிறகு வலென்சியா, ஆஸ்டன் வில்லா, சூரிக்கின் கிராஸ்ஹாப்பர், கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ், ஹூஸ்டன் டைனமோ, கடைசியாக சுவிஸ் நாட்டின் தென்கோடியில் உள்ள கியாசோ. மொத்தம் ஆறு நாடுகள், பதினொரு கிளப்புகள். ரேஞ்சர்சில் முதல் ஆட்டமே செல்டிக்குக்கு எதிராக. 2016 செப்டம்பர் 10 அன்று அணி 5-1 எனத் தோற்றது, அவரும் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். இருந்தும், முப்பத்திரண்டு வயதில் ஹூஸ்டனுக்குப் போய், 2018இல் அமெரிக்க ஓப்பன் கோப்பையை வென்ற அணியில் இடம்பிடித்தார். 2019இன் இறுதியில் ஓய்வு பெற்றார்.

கிளப் சட்டையை மதிப்பிடும் இடத்தில் நாட்டுச் சட்டையைப் பற்றிப் பேசுவது முறையல்ல என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த அடர்சிவப்பைக் கழற்றிய சில வாரங்களில், 2006 உலகக் கோப்பையில், தென் கொரியாவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்டு, அந்த மோதலில் மூக்கில் அடிபட்டு இரத்தம் வழிய ஓடி வந்தவர் அவர்தான். அதே ஆட்டத்தில் தோள்பட்டை விலகியதால் அடுத்த சுற்றில் உக்ரைனுக்கு எதிராக ஆட முடியவில்லை. சுவிட்சர்லாந்து அந்தப் போட்டியில் ஆட்ட நேரத்தில் ஒரு கோல்கூட வாங்காமலேயே, பெனால்டியில் தோற்று வெளியேறியது. 2010இல் ஸ்பெயினைத் தோற்கடித்த ஆட்டத்திலும் தொடங்கியவர் அவர். முதல் பாதி முடியும் முன்பே காயத்தோடு வெளியேறினார்.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. இந்தக் கால அளவுகள் இன்றையவற்றைவிடத் தாராளமானவை. இன்று பெரிய அளவு அணிபவர் நடுத்தர அளவு வாங்கினால் போதும். தோள் தையல் எனக்குச் சரியாகப் பொருந்துகிறது, இடுப்பில் மட்டும் சற்றுத் தொளதொளவென்று இருக்கிறது. பின்னாளில் பெயர் ஒட்டி விற்கப்படும் சட்டைகளும் சந்தையில் இருப்பதால், எழுத்துகளின் விளிம்பையும் துணியின் உட்புறத்தில் பதிந்திருக்கும் தடத்தையும் காட்டும் படங்களைக் கேட்டு வாங்குங்கள். செண்டெரோஸ் பெயரில் போலி செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது இதில் உள்ள ஒரு நிம்மதி. கடையின் பொதிதல் நன்றாக இருந்தது, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்து சேர்ந்தது. நிலையைப் பற்றிய குறிப்பை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கொடுத்த விலைக்குத் துணி, நிறம் இரண்டும் நிறைவு. எழுத்துக்காக மதிப்பெண்ணைச் சற்றுக் குறைக்கிறேன்.

அந்தக் கடைசி எழுத்தைப் புதிதாக ஒட்டித் தருவதாக இங்குள்ள ஓர் அச்சகத்தார் சொன்னார். புதிய பொன்னிறம் பழைய ஏழு எழுத்துகளோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால் வேண்டாமென்று விட்டுவிட்டேன். உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் கையால் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்துகிறேன். மூன்று முறை துவைத்த பிறகும் விரிசல் பெரிதாகவில்லை.