ஆரக்கிள் ரெஃப் நெடுவரிசையில் யூனிக்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஆரக்கிள் தரவுத்தளத்தில், ஆப்ஜெக்ட் டேபிள்களால் (ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஆப்ஜெக்ட் ஐடி உள்ள டேபிள்கள்) ஆன அமைப்பு ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அடையாள அட்டை டேபிளில் உள்ள ரெஃப் நெடுவரிசை (ஐடி மூலம் வேறொரு பதிவைச் சுட்டுவது), பணியாளர் ஆப்ஜெக்ட் டேபிளைச் சுட்டுகிறது. ஒருவருக்கு ஓர் அட்டைதான். இந்த எளிய விதியை ரெஃப்மேல் யூனிக் கட்டுப்பாடாக (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) எழுதினால் ஓரா-02329 பிழை வரும். ரெஃப் நெடுவரிசை பிரைமரி கீயாகவும் இருக்க முடியாது.

பலர் ட்ரிக்கரை (பதிவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) நாடுகிறார்கள். வேண்டாம். ரோ ட்ரிக்கருக்குள் அதே டேபிளைப் படித்தால், அப்டேட்டின்போது ஓரா-04091 (மாறிக்கொண்டிருக்கும் டேபிளைப் படிக்க முடியாது என்ற பிழை) வந்து நிற்கும். அதைத் தாண்டினாலும், வேறொரு செஷன் இன்னும் கமிட் செய்யாத (உறுதிப்படுத்தாத) பதிவு நமக்குத் தெரியாது. இரண்டு செஷன்கள் ஒரே நேரத்தில் செருகினால் இரண்டுமே உள்ளே போய்விடும்.

எனக்கு நிலைத்து நின்ற வழி, ரெஃபுக்கு ஸ்கோப் (ஒரு குறிப்பிட்ட டேபிளை மட்டுமே சுட்டலாம் என்ற வரம்பு) கொடுத்து அதன்மேல் யூனிக் இண்டெக்ஸ் போடுவது. ஸ்கோப் இல்லாத ரெஃபில் இண்டெக்ஸே போட முடியாது. ஸ்கோப்பை டேபிள் உருவாக்கும்போதே எழுதிவிடுங்கள். பிறகு சேர்க்க டேபிள் காலியாக இருக்க வேண்டும், சேர்த்ததை நீக்கவும் முடியாது. அதன்பின் இரட்டைப் பதிவு வந்தால் வழக்கமான யூனிக் மீறல் பிழையான ஓரா-00001தான், அப்ளிகேஷனில் பிடிப்பதும் எளிது.

நல் (NULL, அதாவது வெற்று) மதிப்பில் மட்டும் கவனம் வேண்டும். ரெஃப் தனியாக இண்டெக்ஸில் இருந்தால் எத்தனை நல் வேண்டுமானாலும் ஏற்கும். கிளை எண்ணோடு சேர்த்த இண்டெக்ஸ் என்றால், ஒரே கிளையில் இரண்டாவது நல் ரெஃப் நிராகரிக்கப்படும்.

அதிகம் யோசிக்க வைத்தது ஆப்ஜெக்ட் ஐடிதான். ஆரக்கிள் தானாகத் தரும் 16 பைட் ஐடியில், பணியாளர் பதிவை நீக்கி அதே ஆளை மீண்டும் செருகினால் புதிய ஐடி கிடைக்கும். பழைய அட்டையின் ரெஃப், சுட்டும் பதிவு இல்லாமல் தொங்கலாக நிற்கும், புதிய அட்டையும் தடையின்றி நுழையும். இண்டெக்ஸ் பார்ப்பது ஐடியை. அது ஒரே ஆள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஸ்கோப்போடு நிறுத்தாமல் ரெஃபரென்சஸ் கட்டுப்பாடும் போடுகிறேன். அட்டை இருக்கும்வரை பணியாளர் பதிவை நீக்க முடியாது. ஐடியைப் பிரைமரி கீயிலிருந்து எடுக்கச் சொல்வதும் நல்ல வழி.

இந்த இண்டெக்ஸ், யூனிக் கட்டுப்பாட்டுக்கு முழு ஈடாகாது. சோதனையைக் கமிட் வரை தள்ளிவைக்க முடியாது. வேறொரு டேபிளின் ஃபாரின் கீ இதைச் சுட்டவும் முடியாது. இவை தேவைப்படும் இடங்களில் பணியாளர் எண்ணைத் தனி நெடுவரிசையாக வைத்து, யூனிக்கை அதன்மேல் போட்டுவிடுகிறேன்.