துவோல் சிலெங், சுங் ஏக்: எதை முதலில் பார்ப்பது?

கம்போடியாவை ஆண்ட கெமர் ரூச் என்ற கம்யூனிச இயக்கத்தின் (1975–79) இனப்படுகொலையை நினைவுகூரும் துவோல் சிலெங், சுங் ஏக் ஆகிய இரண்டு இடங்களுள் எதற்குச் செல்வது என்று, தலைநகர் புனோம் பென்னில் அரை நாள் மட்டுமே கையிலிருப்பவர்கள் தயங்குவது இயல்பு.

தொலைவு: துவோல் சிலெங் நகருக்குள்ளேயே உள்ளது, சுங் ஏக் சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே உள்ளது.

காட்சிப்பொருள்: துவோல் சிலெங்கில் ஆவணங்கள், சுங் ஏக்கில் மண்.

இந்த வேறுபாடே முக்கியமானது. உயர்நிலைப் பள்ளியாக இருந்து எஸ்-21 சிறையாக மாற்றப்பட்ட துவோல் சிலெங்கில், கைதிகள் குதித்து உயிர்விடாதபடி தாழ்வாரத்தை மூடிய முள்கம்பி வலை இன்றும் இருக்கிறது. உள்ளே, கொல்பவர்களே எடுத்த ஒளிப்படங்களிலிருந்து வரிசை வரிசையாக முகங்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. இந்த ஆவணக்காப்பகம் 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

சுங் ஏக்கில் படிக்க அதிகமில்லை. எஸ்-21 கைதிகளைக் கொண்டுவந்து கொன்று புதைத்த, 1980இல் 8,985 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்ட அந்த வெளியில், மழைக்குப் பின் துணித் துண்டுகளும் எலும்புகளும் மேலெழுகின்றன. மண்டையோடுகள் வைக்கப்பட்ட நினைவுத்தூபி நடுவே நிற்கிறது.

நிகழ்வு: மே 20ஆம் நாள் நினைவு தினத்தில், மாணவர்கள் அக்கொடுமைகளை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி சுங் ஏக்கில் நடைபெறும், அது சிலருக்கு உறுத்தலாகவும் இருக்கலாம்.

நடந்தது என்னவென்று அறிய விரும்புவோர் துவோல் சிலெங்கையும், வரலாற்றை ஏற்கெனவே படித்துவிட்டு அமைதியாக அஞ்சலி செலுத்த விரும்புவோர் சுங் ஏக்கையும் தேர்ந்தெடுக்கலாம். சிறு பிள்ளைகளுடன் வருவோருக்கு இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.