ஒரு விங்கரின் கணக்கேடு: டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளம் பற்றிய மதிப்புரை

ஒரு கால்பந்து வீரர் எந்த ஆண்டில் எந்த கிளப்புக்கு ஆடினார், என்ன தொகைக்கு மாறினார், எவ்வளவு காலம் காயத்தால் ஒதுங்கியிருந்தார் என்று தேடுபவர்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் ஜெர்மனியின் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளம். 2000இல் மத்தியாஸ் சைடல் தொடங்கிய இதன் பெரும்பான்மைப் பங்குகளை 2008இல் ஆக்செல் ஷ்பிரிங்கர் குழுமம் வாங்கியது. இத்தகைய தளத்தை எடைபோட, சொந்த நாட்டிலும் வெளிநாடுகளிலும் ஆடிய ஒரு விங்கரின் (மைதானத்தின் ஓரமாக ஆடும் தாக்குதல் வீரரின்) பக்கத்தை முழுவதுமாகப் படிப்பதே தக்க சோதனை என்று கருதி, நெதர்லாந்தின் அர்யென் ராபனை எடுத்துக்கொண்டேன்.

கிளப் மாற்றங்களின் அட்டவணை குறை சொல்ல இடம் தராதது. க்ரோனிங்கனில் தொடங்கியவர் 2002இல் பி.எஸ்.வி., 2004இல் செல்சி, 2007இல் சுமார் 3.5 கோடி யூரோவுக்கு ரியல் மாட்ரிட், 2009இல் சுமார் 2.5 கோடி யூரோவுக்கு பேயர்ன் மியூனிக் என்று நகர்ந்ததை ஒரே பார்வையில் காணலாம். கோப்பைகளின் பட்டியலையும் அருகில் வைத்துப் படித்தால், நெதர்லாந்து, இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி என நான்கு நாடுகளிலும் லீக் பட்டம் வென்றவர், கிறிஸ்டியானோ ரொனால்டோவும் பிரேசில் வீரர் காக்காவும் வந்த கோடையில் மாட்ரிட் கைவிட்ட பிறகு, பேயர்னுக்கு எட்டு பன்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டங்களைப் பெற்றுத் தந்தார் என்பது புலப்படும். மாட்ரிட் செய்த மோசமான வியாபாரங்களில் இதற்கு நிச்சயம் இடமுண்டு.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது காயங்களின் பக்கம்தான். வேகத்தையே மூலதனமாகக் கொண்ட விங்கருக்குத் தொடைத் தசை எத்தனை பெரிய எதிரி என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் வேறு ஆவணத்தை நான் கண்டதில்லை. ஆனால், வரிகளுக்கு இடையிலுள்ள தொடர்பைத் தளம் சொல்வதில்லை. 2010 ஜூனில் ஹங்கேரிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் தசை காயமடைந்த நிலையிலும் ராபன் உலகக் கோப்பையில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் கோல்காப்பாளர் கசியாஸின் கால் தடுத்த அந்த வாய்ப்பும் அவருடையதே. பின்னர், அந்தக் காயம் முழுதாக ஆறவில்லை என்று பேயர்ன் மருத்துவர்கள் கண்டறிய, பருவத்தின் முதல் பாதி முழுவதும் அவர் ஆடவில்லை. இதனால் கிளப்புக்கும் நெதர்லாந்து கால்பந்துச் சங்கத்துக்கும் மூண்ட தகராறு, 2012 மே 22இல் பேயர்னும் நெதர்லாந்தும் இழப்பீடாக மோதிய ஓர் ஆட்டத்தில் முடிந்தது. மூன்று நாள் முன்னர்தான் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதியில் கூடுதல் நேரப் பெனால்டியைத் தவறவிட்டிருந்த ராபனை, அன்று சொந்த கிளப்பின் ரசிகர்களே கேலி செய்து கூச்சலிட்டனர். தளத்தில் இவை காயத்துக்கொரு வரி, ஆட்டத்துக்கொரு வரி என்று தனித்தனியே கிடக்கின்றன. இணைக்கும் வேலை வாசகருடையது. அடுத்த ஆண்டு லண்டன் வெம்ப்ளியில், அதே போட்டியின் இறுதியில் மற்றொரு ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டுக்கு எதிராக 89ஆவது நிமிடத்தில் அவர் அடித்த வெற்றி கோலின் எடையும் அப்படி இணைத்துப் படிப்பவருக்கே விளங்கும்.

வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் அடிக்கும் அவருடைய ஆட்டமுறையைப் பற்றி, விளையாடும் இடமும் பயன்படுத்தும் காலும் தவிர வேறெதையும் இங்கே எதிர்பார்க்கக்கூடாது. அது இத்தளத்தின் வேலையன்று; ஆட்டக் காட்சிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எச்சரிக்கையோடு அணுக வேண்டியது சந்தை மதிப்பு. பயனர்கள் விவாதித்து, பொறுப்பாளர்கள் முடிவு செய்யும் மதிப்பீடே அது. எந்த கிளப்பும் கொடுத்த விலையன்று. வயது ஏறினால் மறுவிற்பனை வாய்ப்பு குறைவதால் மதிப்பும் இறங்கும். 30 வயதில் 2014 உலகக் கோப்பையின் வெண்கலப் பந்தை (மூன்றாவது சிறந்த வீரருக்கான விருதை) வென்ற ராபனைப் போன்றவரை அந்த எண்ணால் அளந்தால், ஆட்டத் தரத்தைத் தவறாகக் கணிக்க நேரும். கிளப் மாற்றங்களின் தொகையைக் குறிப்பிடும்போது இத்தளத்தை ஆதாரமாகக் கொள்ளலாம். சந்தை மதிப்பை எடுத்தாளும்போது மட்டும், அது மதிப்பீடு என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.