40 கிலோவோல்ட் புரோப்: வாங்கலாம், மாட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு

ஓசூரில் என் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி, சி.என்.சி. மெஷின்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் எண்ணெய்ப் புகை வடிகட்டிகளின் பவர் பேக்தான். உள்ளே புகைத் துளிகளுக்கு மின்னூட்டம் தரும் அயனியாக்கும் கம்பிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோவோல்ட். அந்தத் துளிகளைப் பிடிக்கும் தகடுகளுக்கு ஏறத்தாழ அதில் பாதி. சாதாரண மல்டிமீட்டர் ஆயிரம் வோல்ட்டோடு நின்றுவிடும். அதனால்தான் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இந்த 40 கிலோவோல்ட், 1000:1 புரோபை, அதாவது வோல்ட்டேஜை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கோலை, வாங்கினேன். விலை ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. பிராண்ட் பெயர் சொல்லிப் பயனில்லை. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கை நாலைந்து பெயரில் விற்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீளம் போதும், கைப்பிடி வழுக்கவில்லை. கைக்கு முன்னால் வரிசையாக இருக்கும் வளையங்கள் அழகுக்கு வைத்தவை இல்லை; மின்சாரம் மேல்பரப்பில் ஊர்ந்து கைக்கு வர வேண்டிய தூரத்தை அவைதான் கூட்டுகின்றன. எங்கள் ஊர் மெஷின் ஷாப்பில் எதைத் தொட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு, அதோடு இரும்புத் தூள். அந்தக் கையோடு புரோபைப் பிடித்தால் வளையம் இருந்தும் வீண். நான் ஒவ்வொரு முறையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் எடுக்கிறேன். மழைக்காலக் காலையில் இன்னும் கொஞ்ச நேரம் காய விடுவேன்.

சரி, அளவு சரியாகக் காட்டுகிறதா? ஒரு டி.சி. சப்ளையை 900 வோல்ட்டில் வைத்து, மீட்டரால் நேரடியாகவும் புரோப் வழியாகவும் பார்த்தேன். புரோபில் 0.89 வோல்ட், அதாவது 890. இந்த விலைக்கு இது போதும். ஆனால் அதே மீட்டரை மில்லிவோல்ட் ரேஞ்சுக்கு மாற்றியதும் 990-ஐத் தொட்டது. சப்ளை அப்படியேதான் இருந்தது, மாறியது மீட்டரின் உள்தடை.

புரோபுக்குள்ளே இருப்பது 1000 மெகா ஓம் தடை, அதன் அடியில் ஒரு சின்னத் தடை. அந்த அடித்தடையோடு மீட்டரின் 10 மெகா ஓமும் சேர்ந்தால்தான் கணக்கு 1000:1 ஆகும். சில மீட்டர்களில் மில்லிவோல்ட் ரேஞ்சின் உள்தடை 10 மெகா ஓமைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், தவறு பாதுகாப்பான பக்கம்தானே. பழைய ஊசி மீட்டர்தான் ஆபத்து. 50 வோல்ட் ரேஞ்சில் அதன் தடை ஒரு மெகா ஓம் அளவுதான் இருக்கும். அதில் இந்தப் புரோபை மாட்டினால் 25 கிலோவோல்ட்டை 13 கிலோவோல்ட் என்று காட்டும். பாதிதானே என்று நம்பிக் கையை அருகில் கொண்டுபோவான் ஒருவன். பெட்டியில் வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஃப்ளூக் கம்பெனியின் இதே மாதிரிப் புரோபான 80கே-40-இன் தாளில் 10 மெகா ஓம் மீட்டர் வேண்டும் என்று தெளிவாகவே போட்டிருக்கும். விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்த வரிக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். ரேஞ்சைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் என்றால் வோல்ட் ரேஞ்சில் பூட்டிவிட்டு அளவெடுங்கள்.

இதில் எனக்குப் பிடிக்காதது எர்த் கிளிப். ஸ்பிரிங் தளர்வு, ஒயர் மெலிசு, பெயின்ட் அடித்த பாடியில் பல் இறங்கவில்லை. இந்த ஒயர் நழுவினால் புரோபின் அடிமுனைக்குத் தரையே கிடையாது. மீட்டரும் அதன் ஒயர்களும் ஆபத்தான வோல்ட்டேஜுக்கு ஏறிவிடும். எனவே வந்த கிளிப்பை வெட்டி எறிந்துவிட்டு, கண்ணி வைத்து போல்ட்டில் முறுக்கும்படி மாற்றிக்கொண்டேன். எர்த்தை முதலில் மாட்டணும், கடைசியில்தான் கழற்றணும். மீட்டரைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, சப்ளையை அணைத்து முனையைக் கொக்கியில் மாட்டியபின் ஆன் செய்து, தள்ளி நின்று பார்ப்பதே என் பழக்கம். அணைத்த பிறகும் காட்டும் எண் இறங்கும்வரை புரோபை எடுப்பதில்லை. அப்புறம் தடை வைத்த கோலால் டிஸ்சார்ஜ். ஸ்குரூ டிரைவரால் பொறி பறக்க விடுவதெல்லாம் வேண்டாம்.

கரண்ட்டுக்கு இந்தப் புரோப் உதவாது. பன்னிரண்டு கிலோவோல்ட் பக்கத்தில் மீட்டரைத் தொடராக வைக்க யாரும் துணியக்கூடாது. கிளாம்ப் மீட்டரும் 600, 1000 வோல்ட் காப்புக்குத்தான் செய்தது. நான் பேக்கின் ரிட்டர்ன் ஒயரைப் பாடியிலிருந்து பிரித்து, இடையில் 100 ஓம் போடுகிறேன். அங்கே 0.1 வோல்ட் வந்தால் ஒரு மில்லி ஆம்பியர். அந்தத் தடை எரிந்து திறந்துகொண்டால் முழு வோல்ட்டேஜும் அந்த முனைக்கு வந்துவிடும். அதனால் அதன் குறுக்கே எதிரெதிராக இரண்டு 1என்4007 டயோடு. இரண்டு ரூபாய்ச் சாமான், ஆனால் அது இல்லாமல் நான் ஆன் செய்வதில்லை.

எதற்கு வாங்கக்கூடாது என்பதும் முக்கியம். மைக்ரோவேவ் அடுப்புக்கு வேண்டாம். அங்கே வோல்ட்டேஜ் குறைவுதான், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் சில நூறு மில்லி ஆம்பியரை அலுங்காமல் தரும். அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, தடை பார்த்தே பெரும்பாலான கோளாறைப் பிடித்துவிடலாம். மின்வாரியத்தின் உயர் அழுத்த (ஹெச்.டி.) லைன் பக்கம் எடுத்தே போகாதீர்கள்.

தளி, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து, யானைக்குப் போடும் சோலார் வேலியின் பெட்டியோடு வருகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். வேலியில் வருவது விநாடிக்கு ஒன்றுக்கு மேல் போகாத, மில்லி விநாடிக் கணக்கில் முடியும் துடிப்பு. இந்தப் புரோபோடு டிஜிட்டல் மீட்டர் வைத்தால் எண் குதிக்கும், அவ்வளவுதான். அதற்கு உச்சத்தைப் பிடித்துவைக்கும் வேலி மீட்டர் தனியாக இருக்கிறது. இந்தத் துடிப்பு யானையை விரட்டும், கொல்லாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்தது லைன் கரண்ட்டை நேராகக் கம்பியில் விட்டதால்.

மொத்தத்தில், டி.சி. பவர் பேக், பழைய பிக்சர் டியூப் டி.வி. இரண்டுக்கும் இந்தப் புரோப் சரியான சாமான். பவுடர் கோட்டிங் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவர்கள் வாங்க வேண்டாம்; அதில் பல 100 கிலோவோல்ட் வரை போகும். வாங்கும்போது கடையிலேயே உங்கள் மீட்டரை மாட்டி, தெரிந்த ஒரு வோல்ட்டேஜில் ஒப்பிட்டுப் பாருங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கிய கடையில் கேட்டபிறகுதான் கொடுத்தார்கள்.