ஐந்து ஆண்டுகள், ஆறு பரிசுகள்: ஆஸ்பெர்ஜர் உள்ள ஒரு சிறுவனின் மேசையில் தங்கியவையும் தங்காதவையும்

என் அக்காவின் மகனுக்கு இப்போது 11 வயது. அவனுடைய ஆறாவது வயதில் மருத்துவர் கொடுத்த அறிக்கையில் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் உலகை உணர்வதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) என்றுதான் எழுதியிருந்தது; பேச்சுவாக்கில், "முன்பு இதையே ஆஸ்பெர்ஜர் என்று எழுதியிருப்போம்" என்றார். வியன்னாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் 1944-இல் வெளியிட்ட கட்டுரையை ஒட்டி, 1981-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் பரவலாக்கிய பெயர் அது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும், 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது தனி நிலையாக இல்லை. ஆட்டிசம் என்ற பெரிய குடைக்குள் சேர்ந்துவிட்டது. ஆனாலும் வீடுகளில் அந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது என்பதால் நானும் அதையே எழுதுகிறேன்.

இந்த ஐந்து ஆண்டுகளில் அவனுக்கு நான் ஆறு பரிசுகள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று அவன் மேசையை விட்டு இறங்கவே இல்லை. மூன்று அவ்வப்போது வெளியே வருகின்றன. இரண்டு பரணில் கிடக்கின்றன. அவன் பேசத் தாமதித்தவன் அல்லன். தன் வயதுக்கு மேற்பட்ட நூல்களை வாசிப்பவன். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு ஒன்பது வயது வரை திணறியவன், மிக்சி ஓடினால் அறையை விட்டு ஓடுபவன், ஒன்றில் மனம் பதிந்துவிட்டால் மூன்று மணி நேரம் அசையாதவன். இப்படி ஏறுமாறான திறன்களோடு வளரும் பிள்ளைக்குப் பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் வயது வரம்பு வழிகாட்டுவதில்லை. பொருளை வாயில் வைக்கும் பழக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்ற எச்சரிக்கையை எந்த வயதிலும் மதிக்க வேண்டும். வலுவான சிறு காந்த உருண்டைகளும் பொத்தான் பேட்டரிகளும் விழுங்கப்பட்டால் குடலையும் உணவுக் குழாயையும் துளைத்துவிடக் கூடியவை.

மேசையை விட்டு இறங்காத பொருள், அழுத்திப் பூட்டும் மின்சுற்றுப் பெட்டி. பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. வரிசையாகக் குமிழ்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பலகை, வெவ்வேறு நீளத்தில் இணைப்புக் கம்பிகள், ஒரு சிறு பல்பு, ஒரு எல்.இ.டி., ஒரு மோட்டார், ஒரு ஒலிபெருக்கி, பேட்டரிகளுக்கான தொட்டி. ஒவ்வொன்றின் முனையிலும் உலோகப் பொத்தான் இருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் டிக் என்று பூட்டிக்கொள்கிறது. சால்டரிங் வேண்டாம், திருகாணி வேண்டாம், வயரின் தோலை உரிக்க வேண்டாம். சட்டைப் பொத்தானுக்குத் திணறிய விரல்களுக்கு இது எப்படிச் சாத்தியமாகும் என்று தயங்கித்தான் வாங்கினேன். சட்டைப் பொத்தானுக்கு இரண்டு கைகளும் வெவ்வேறு வேலையைச் செய்ய வேண்டும். இதற்குக் கட்டைவிரலின் அழுத்தம் ஒன்றே போதுமென்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பெட்டியைத் திறந்த முதல் நாள் அவன் எதையும் செய்யவில்லை. கையேட்டின் தொடக்கத்தில் இருந்த பாகங்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, பட்டியலில் உள்ள அதே வரிசையில் தரையில் அடுக்கி, எண்ணி, பென்சிலால் குறியிட்டான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பொறுமையிழந்து, "ஒரு விளக்கையாவது எரிய வைத்துக் காட்டேன்" என்றேன். "சித்தி, நான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றான், தலை நிமிராமல். அவன் விளையாடத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது என்பதை அறியாமல் நான்தான் விளையாட்டு எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெட்டி அவனுக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்று யோசித்துப் பார்த்ததில், கையேடு எழுதப்பட்ட முறைதான் முதற்காரணம் என்று படுகிறது. படத்தில் எந்தக் கம்பி எந்தக் குமிழின் மேல் வர வேண்டும் என்பது கட்டத்தோடு காட்டப்பட்டிருக்கிறது. எதை முதல் அடுக்கில் வைக்க வேண்டும், எதை அதன் மேல் வைக்க வேண்டும் என்பதற்கும் எண் உண்டு. "தேவைக்கேற்ப இணைக்கவும்", "விரும்பியபடி அமைக்கவும்" போன்ற மழுப்பலான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அதைவிட முக்கியமானது, செய்தது சரியா தவறா என்பதை விளக்கு சொல்கிறது. மனிதர் எவரும் சொல்வதில்லை. எல்.இ.டி.யைத் தலைகீழாக வைத்தால் அது எரியாது, அவ்வளவுதான். முகம் சுளிக்காது, பெருமூச்சு விடாது, "எத்தனை தடவை சொன்னேன்" என்று கேட்காது. அவன் நாலு முறை கழற்றிப் பூட்டிவிட்டு, ஐந்தாம் முறை அதன் மேல் அச்சிட்டிருந்த அம்புக்குறியைக் கண்டுபிடித்தான். அன்று மாலையே பாட்டியை உட்கார வைத்து, இந்த விளக்குக்குள் மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும்தான் போகும் என்றும், அந்தப் பல்புக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை என்றும் விளக்கினான். பாட்டிக்குக் காது மந்தம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் வரை அவன் காத்திருந்தான். பேசுவதற்கு முறை வைத்துக் காத்திருத்தல் என்ற பாடத்துக்காக அக்கா எத்தனையோ வகுப்புகளுக்கு அவனை அழைத்துப் போயிருக்கிறாள்.

குறைகளும் உண்டு. சைரன் ஒலி எழுப்பும் சுற்றுகளில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. முதன்முறை அது அலறியபோது அவன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான், இரண்டு வாரம் பெட்டியைத் தொடவில்லை. பிறகு நான் ஒலிபெருக்கி இருந்த இடத்தில் எல்.இ.டி.யை வைத்துக் காட்டினேன். அலறல் வர வேண்டிய இடத்தில் விளக்கு நடுங்கியது. "சத்தம் கண்ணுக்குத் தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். மோட்டாரின் மேல் வைத்த விசிறி சட்டென்று மேலே பறக்கும் சோதனையும் இப்படிப்பட்டதே. எதிர்பாராத அசைவுக்கு அஞ்சும் பிள்ளையாக இருந்தால் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இடையில் எந்தக் கருவியும் இல்லாமல் பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டால் பேட்டரி சூடேறும் என்பதைப் பெரியவர் ஒருவர் முதல் நாளே செய்து காட்டாமல், வாயால் மட்டும் விளக்கிவிட வேண்டும்; காட்டினால் அதையும் ஒரு சோதனையாக எண்ணிச் செய்து பார்ப்பார்கள். உதிரிப் பாகங்கள் தனியாகக் கிடைக்கும் பெட்டியா என்று பார்த்து வாங்குவதும் அவசியம். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கம்பி தொலைந்தால் ஒரு கம்பிதான் தொலையும். இவனுக்குப் பட்டியலே உடைந்துவிடும்.

இரண்டாவதாகத் தேறியது 'ரஷ் அவர்' (Rush Hour) என்ற புதிர் விளையாட்டு. ஜப்பானியப் புதிர் வல்லுநர் நோப் யோஷிகஹாரா உருவாக்கிய, ஆறுக்கு ஆறு கட்டங்கள் கொண்ட பலகை; அதில் நெரிசலில் சிக்கிய கார்களையும் லாரிகளையும் முன்னும் பின்னும் நகர்த்திச் சிவப்புக் காரை வெளியேற்ற வேண்டும். எளிமையிலிருந்து கடினம் வரை நான்கு நிலைகளில் 40 அட்டைகள் இருக்கின்றன. விடை அட்டையின் பின்புறத்திலேயே இருக்கிறது. தனியாக ஆடலாம், தோற்கடிக்க எதிராளி இல்லை, நேரக் கணக்கு இல்லை என்பவை இதன் பெரிய வசதிகள். தோல்வியைத் தாங்க முடியாமல் பலகையைக் கவிழ்க்கும் பிள்ளைக்கு முதலில் இப்படிப்பட்ட ஒற்றையாள் புதிரைக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரே ஒரு சிக்கல்: எண் வரிசை அவனுக்கு மிக முக்கியம் என்பதால், 23-ஆவது அட்டையில் மாட்டிக்கொண்டபோது 24-க்குப் போக மறுத்துவிட்டான், ஒன்பது நாள்.

லெகோவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை, தெரியாதவர் இல்லை. ஆனால் அதை வாங்கிக் கொடுத்துவிட்டு விலகிவிடாமல், மூவராக ஆடும் ஒரு முறை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். டேனியல் லகாஃப் என்ற உளவியலாளர் ஆட்டிசமுள்ள பிள்ளைகளிடையே லெகோவைப் பயன்படுத்தியதைப் பற்றி 2004-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த முறையில் ஒரு பிள்ளை பொறியாளராக இருந்து படத்தைப் பார்த்துச் சொல்லும், இன்னொன்று கேட்ட துண்டைத் தேடித் தரும், மூன்றாவது பொருத்தும்; பிறகு வேலைகளை மாற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அக்காவின் மகளும் நானும் மற்ற இருவர். அவன் பொறியாளனாக இருந்த நாள்களில், "அது இல்லை, நீலம், இரண்டுக்கு நான்கு, தட்டையானது" என்று சொல்லச் சொல்ல, நான் தவறானதை எடுத்து நீட்டுவேன். சில சமயம் வேண்டுமென்றே. மனத்தில் உள்ளதைக் கேட்பவருக்குப் புரியும்படி சொல்வது என்றால் என்ன என்பதை இதைவிட நயமாகக் கற்றுக்கொடுக்கும் பொருள் வேறு எனக்குத் தெரியவில்லை. வாங்கும்போது பிள்ளைக்குப் பிடித்த பொருளின் வடிவமாகப் பார்த்து வாங்கவும். ரயிலில் மனம் வைத்திருப்பவனுக்கு அரண்மனையைக் கொடுத்தால் அதில் தண்டவாளத்தைத் தேடுவான்.

ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியும் வாங்கினேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது. ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. மடிக்கும் வேலையை நான் செய்தேன், பார்க்கும் வேலையை அவன் செய்தான். வெங்காயத் தோலின் செல்களைக் கண்டதும், அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதில் அவனுக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

பரணில் இருப்பவற்றில் ஒன்று பேசும் ரோபோ. ஆட்டிசமுள்ள பிள்ளைகளுக்கு உகந்தது என்று பெட்டியில் எழுதியிருந்ததை நம்பி வாங்கிய தவறு என்னுடையது. அது திடீர் திடீரென்று கண் சிமிட்டி, "இன்று உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கும். அவன் உண்மையாகவே பதில் சொல்லத் தொடங்குவான்: காலையில் எழுந்தது, சாக்ஸ் உறுத்தியது, பேருந்து நான்கு நிமிடம் தாமதமானது. பாதியில் ரோபோ பாட்டுப் பாடத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் அவன் அழுதுகொண்டே வந்து, "இது கேட்கிறது, ஆனால் கேட்பதில்லை" என்றான். அந்த வாக்கியத்தில் இரண்டு கேட்டல்களுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருந்தான் என்று வியந்தபடியே பேட்டரியைக் கழற்றினேன்.

மற்றொன்று உணர்ச்சிகளைக் கற்றுத்தரும் முக அட்டைகள். மகிழ்ச்சி, கோபம், பயம், வியப்பு என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒரு முகம். அவன் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்று அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தான்: மூன்றிலும் ஒரே பெண், ஒரே தோடு. "இவளுக்குக் கோபமில்லை சித்தி, படம் எடுப்பதற்காக நடிக்கிறாள்" என்றான். அதற்கு மேல் அந்த அட்டைகளுக்கு வேலை இருக்கவில்லை. இவற்றைப் பயிற்றுநரின் அறையில் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. பரிசாகக் கொடுப்பதில்தான் மறுப்பு. தங்கைக்குப் பொம்மை வீடும் இவனுக்குத் திருத்தப் பயிற்சியும் ஒரே நாளில் கிடைத்தால், இரண்டில் எது பரிசு என்று அவனுக்குத் தெரியாதா?

பொருளைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. கொடுக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. வண்ணக் காகிதத்தைக் கிழிக்கும் ஒலி, சுற்றி நின்று கைதட்டும் கூட்டம், உள்ளே என்ன என்று தெரியாத பதற்றம் எல்லாம் சேர்ந்து நல்ல பரிசையும் கெடுத்துவிடும். நான் இப்போது ஒரு வாரம் முன்பாகவே பெட்டியின் படத்தை அவனுக்குக் காட்டிவிடுகிறேன். அதே பொருள் ஏற்கெனவே அவனிடம் இருந்தால், "இது என்னிடம் இருக்கிறது" என்று அப்போதே சொல்லிவிடுவான். உறவினர் சிலர் இதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டதுண்டு. எனக்கு அது கடைக்கு இரண்டாம் முறை நடப்பதை மிச்சப்படுத்தியிருக்கிறது. கொடுத்த பிறகும், உடனே பிரித்து விளையாடிக் காட்டும்படி கேட்பதில்லை. மின்சுற்றுப் பெட்டி திறக்கப்பட்டது நான்காம் நாள்.

அடுத்த பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று போன வாரம் கேட்டேன். கையேட்டின் பட்டியலை எடுத்து வந்தான். பென்சில் குறிகளுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் அழிக்கப்பட்டுக் காலியாக இருந்தது. "மூன்று பொத்தான் நீளமுள்ள கம்பி, ஒன்று" என்றான். அவ்வளவுதானா என்றேன். சற்று யோசித்து, மறுபடி தொலைந்தால் என்ன செய்வது என்பதால் இரண்டாக வாங்கிவிடும்படி சொன்னான்.