வால்டர் குரோன்கைட்டின் செய்தி மேசை

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில் 1962 ஏப்ரலில் செய்தி வாசிப்பாளராகப் பொறுப்பேற்று 1981 மார்ச் 6 அன்று விடைபெற்ற வால்டர் குரோன்கைட்டின் பழைய பதிவுகளில் நான் பார்த்தவை, செய்திச் சேவையிடம் பார்வையாளர் எதைக் கேட்க உரிமையுள்ளவர் என்பதைத் தெளிவாக்குகின்றன.

1963 நவம்பர் 22 அன்றைய பதிவையே முதலில் பரிந்துரைப்பேன். கோட்டு இல்லாமல், சட்டையும் டையுமாக அமர்ந்திருக்கும் அவர், தடித்த சட்டமிட்ட கண்ணாடியை அணிந்து அதிபர் கென்னடியின் மரணச் செய்தியைப் படிக்கிறார். பிறகு அதைக் கழற்றி, கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, ஏறத்தாழ 38 நிமிடங்களுக்கு முன்பு என்று நேரத்தைச் சொல்கிறார். தொண்டை அடைக்கிறது. ஆனாலும் அடுத்த வாக்கியம் துணை அதிபர் ஜான்சனைப் பற்றிய தகவலாகவே வருகிறது. துயரத்தை மறைக்காமலும் அதைக் காட்சிப்பொருளாக்காமலும் பணியைத் தொடர்ந்த அந்தச் சில நொடிகளுக்கு இணையாக நான் வேறெதையும் பார்த்ததில்லை.

வியட்நாம் சென்று திரும்பி, 1968 பிப்ரவரி 27 அன்று போர் முட்டுக்கட்டையில் நிற்கிறது என்று சொன்னபோது, அது தம் சொந்தக் கருத்து என்பதை முன்கூட்டியே அறிவித்தார். செய்திக்கும் கருத்துக்கும் இடையே அவர் இட்ட அந்தக் கோட்டை இன்றைய விவாத மேடைகளில் தேட வேண்டியிருக்கிறது.

குறை ஒன்று உண்டு: 1963 செப்டம்பரில் அந்த மாலைச் செய்தி 15 நிமிடத்திலிருந்து அரை மணியாக நீட்டப்பட்ட பிறகும், விளம்பரங்கள் போக எஞ்சிய நேரம் பல செய்திகளுக்குப் போதவில்லை.